டைகர் ஏன் படி ஏறவில்லை?



எங்கள் வீட்டு டைகர் லாப்ரடார் இனம். வயசு 6. போன மழைக்காலத்தில் ஒரு நாள் திண்ணைப் படியில் ஏறாமல் கீழேயே நின்னுச்சு. "சோம்பேறிப் பயலே, ஏறுடா"ன்னு நான் சத்தம் போட்டேன். அது என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. அது சோம்பல் இல்லை, வலி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் செய்த தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நோய் என்ன?

நம் உடலில் பந்துக்கிண்ண மூட்டு எங்கே இருக்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். தோளிலும் இடுப்பிலும்! நாய்க்கும் அப்படித்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பு எலும்பின் கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். சில நாய்களுக்குக் குட்டியாக வளரும்போதே இந்த மூட்டு தளர்ந்துவிடுகிறது.

எங்க அப்பா செராமிக் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. "ஜாடிக்கு மூடி சரியா உக்காரலன்னா ஆடிக்கிட்டே இருக்கும். ஆட ஆட ஓரம் தேஞ்சு போகும். அது மாதிரிதாண்டா இதுவும்." மூட்டில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது.

ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற பெரிய இனங்களுக்கு இது அதிகம். ஒல்லியாக ஓடும் கிரேஹவுண்டுக்கு மிக அரிது. முக்கியக் காரணம் பரம்பரை. ஆனால் அளவுக்கு மீறிய தீனியும் எடையும் நோயை முற்ற வைக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. படுத்து எழும்போது தடுமாறும்.
2. படி ஏறத் தயங்கும்.
3. ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்துத் தாவும்.
4. பின்னந்தொடை மெலிந்து போகும்.

நாய் வலியில் எப்போதும் கத்தாது. அதனால் கத்தலையே, வலி இருக்காது என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும்.

முதல் மருந்து: சோற்றைக் குறைப்பது

டாக்டர் டைகரை எடை போட்டார். 38 கிலோ! "இதுக்கு இவ்வளவு எடை ஆகாது. யார் பிஸ்கட் போடுறது?" என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அம்மா நெய்ச்சோறு, தாத்தா வடை, நான் பிஸ்கட், தங்கச்சி முறுக்கு.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாக வைத்து, ஆயுள் முழுக்க ஆராய்ந்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் தீனி குறைவு. 2002-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? குறைவாகச் சாப்பிட்டவை நடுத்தரக் கணக்கில் ஏறக்குறைய 2 வருடம் அதிகமாக உயிர் வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டு வலி மருந்து தேவைப்பட்டதும் மிகவும் தள்ளித்தான். பாசத்தில் போட்ட தீனிதான் டைகரின் இடுப்பில் பாரமாக உட்கார்ந்திருந்தது!

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தரை: நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு வழவழ டைல்ஸ். நாய்க்குக் கால் வழுக்கினால் மூட்டு இன்னும் பிசகும். அது நடக்கும் வழியில் கோணிச் சாக்கோ கயிற்றுப் பாயோ போடுங்கள். நகத்தையும் வெட்டி விடுங்கள்.
2. படுக்கை: வெறும் தரை வேண்டாம். பழைய போர்வையை நாலாக மடித்துப் போடலாம். மழை, பனிக் காலத்தில் ஈரம் படாத இடம் முக்கியம்.
3. நடை: கயிறு கட்டி மெதுவாக, கொஞ்ச நேரம், தினமும் இரண்டு மூன்று தடவை. ஒரேயடியாகக் கட்டிப் போட்டால் தசை இளைத்துவிடும். சைக்கிள் பின்னால் ஓட விடுவது, பந்துக்குத் தாவ விடுவது கூடாது.
4. நீச்சல்: தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் மூட்டுக்குப் பாரமில்லை. மணிமுத்தாற்றை நம்ப முடியாது, தண்ணி எப்பவாவதுதான் வரும்! டாக்டரிடம் கேட்டுவிட்டு, கூடவே ஒரு ஆள் நின்று, தொட்டியில் இறக்கலாம்.
5. ஒத்தடம்: வெதுவெதுப்பான துணியை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு 10 நிமிடம் இடுப்பில் வையுங்கள்.

எச்சரிக்கை! எச்சரிக்கை!

எங்க தாத்தா தன் முட்டி வலி மாத்திரையில் பாதியை உடைத்து டைகருக்குக் கொடுக்கப் போனார். நல்லவேளை, அம்மா பிடுங்கிவிட்டார்கள். மனிதர்கள் சாப்பிடும் ஐபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் கூட எமன்.

ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொரு உடம்புக்கு விஷம். டைக்ளோபினாக் ஊசி போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006-இல் நம் நாட்டில் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நாய்க்கென்று வலி மருந்து தனியாக உண்டு. எடை பார்த்து டாக்டர்தான் தர வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறீர்களா?

தாய், தகப்பன் நாய்க்கு 2 வயதுக்குப் பிறகு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். 3 மாதம் வரை குட்டியைப் படியேற விடாதீர்கள். "சீக்கிரம் வளரட்டும்" என்று கால்சியம் மருந்தை இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவே எலும்பைக் கெடுக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

1970-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் பூத்தான், மனிதனின் இடுப்பு மூட்டுக்கு அலுமினா என்ற செராமிக்கால் பந்தும் கிண்ணமும் செய்து பொருத்தினார். நாய்களுக்கும் மாற்று மூட்டு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் செலவு அதிகம்.

இப்போது டைகர்

"இது இனி தேறாது, ஆத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுங்க" என்று தெருவில் ஒருவர் சொன்னார். அன்றைக்குத் தங்கச்சி சாப்பிடவே இல்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. டைகர் இப்போது 33 கிலோ. நோய் முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா திண்ணைக்குச் சரிவாக ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். மேலே கோணிச் சாக்கு. நேற்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது டைகர் திண்ணை மேலே படுத்திருந்தது.

வாயில்லா ஜீவன் வலிக்குதுன்னு சொல்லாது நண்பர்களே. நாமதான் பார்த்துப் புரிஞ்சுக்கணும்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்