முகம் இருண்டது ஏன்?

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்து மாசி மகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வருவது கண்கொள்ளாக் காட்சி. புதிதாய் வாங்கிய கமராவுடன் நாமும் சென்றிருந்தோம். தோட்டத்திலிருந்து தேர் காண வந்த மூதாட்டி ஒருவர், "என்னயும் ஒரு படம் புடிங்க ஐயா" என்று கோபுரத்தின் முன் நின்றார். எடுத்துக் காட்டினோம். வானம் பளிச்சென்று விழுந்திருந்தது. முகமோ வெறும் நிழல். "இது யாருங்க?" என்றார் அவர். நாம் நாணினோம்.

பிழை எங்கே? கமராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொண்டு அளக்கின்றது. வெண்ணிற வானம் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், ஒளி மிகுதி என்று கணித்து அதனைக் குறைத்துவிடுகின்றது. அதற்கு இரையாவது நம்மவரின் கரிய முகமே.

ஒளியை ஆளும் வழிகள் மூன்று. முதலாவது லென்ஸின் துவாரம்: எண் சிறுத்தால் துவாரம் விரியும், எஃப் 8 இலிருந்து எஃப் 5.6 க்குத் திருப்பினால் ஒளி இருமடங்காகும். இரண்டாவது ஷட்டரின் வேகம்: 1/250 விநாடியை 1/125 ஆக்கினாலும் அதே இருமடங்கே, ஆயின் அசையும் மாந்தர் கலங்கித் தோன்றக்கூடும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. எண்: 100 ஐ 200 ஆக்கினால் படம் இருமடங்கு வெளிச்சம் பெறும்; அளவு மீறி உயர்த்தினாலோ புள்ளிகள் மலிந்து படம் கெடும். தானியங்கி முறையில் எடுப்போர், கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானைக் கூட்டல் 1 க்குத் திருப்பினாலே போதும். வானம் சற்று வெளுக்கும், முகம் தெளியும்.

இஃது அற்ப விடயமன்று. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர், இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். அவர்தம் முகங்கள் இன்றும் உள. பெரும்பாலோரின் பெயர்களோ இல. அன்று கமரா அயலார் கையில் இருந்தது; இன்று நம் மாணவர் கையில் இருக்கின்றது. முகத்தையும் பெயரையும் ஒருங்கே காப்பது அவர்தம் கடனன்றோ?

மூதாட்டியை மீண்டும் நிற்கச் செய்து, கூட்டல் 1 வைத்து எடுத்தோம். "இப்பத்தான் நானு!" என்று சிரித்தார். அப்படத்தை அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரையும் தோட்டத்தையும் நாளையும் எழுதி அனுப்பினோம்.