காற்றிலிருந்து உரமா?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், அதாவது நம்ம தழைச்சத்து. பயிரால் அதை நேரே எடுக்க முடியாது. அம்மோனியாவாக்கித்தான் யூரியா செய்கிறார்கள். ஆலையில் அதற்கு 400 டிகிரி சூடும் பெரும் அழுத்தமும் வேண்டும்.

சாதாரணச் சூட்டிலேயே, தண்ணீரில் காற்றைச் செலுத்தி மின்சாரத்தால் அம்மோனியா எடுக்க ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள். சிக்கல் என்னன்னா, மின்சாரம் நைட்ரஜனை விட்டுவிட்டுத் தண்ணீரையே உடைக்கிறது. கிடைக்கிற துளி அம்மோனியாகூட ஆய்வாளரின் மூச்சிலிருந்து வந்ததாக இருக்கலாம்! 2019-ல் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகள் எடை கூடிய நைட்ரஜனைச் செலுத்திச் சரிபார்த்தார்கள். தண்ணீர் முறையில் அவர்கள் சோதித்த உலோகங்கள் எதுவும் தேறவில்லை. தண்ணீருக்குப் பதில் வேறு திரவத்தில் செய்யும் லித்தியம் முறைதான் தேறியது.

ஆகவே, "தண்ணியும் கரண்ட்டும் போதும், வீட்டிலேயே உரம்" என்று யாராவது இயந்திரம் விற்க வந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உளுந்துச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால், ரைசோபியம் நுண்ணுயிர் அதே வேலையைச் சூடில்லாமல் அங்கே செய்கிறது.