ரேகாவின் நாட்குறிப்பு எங்கே?

தாம்பரம் - பீச் மின்சார ரயிலை மாத நாவல்கள் ஆண்ட காலம் ஒன்று உண்டு. தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பல்லாவரத்துக்குள் முதல் கொலை விழுந்துவிடும். அந்த வாசகர்கள் தேடி வாங்கிய பெயர்களில் ஒன்று ராஜேந்திரகுமார். ‘ஙே’ என்று விழிக்கும் பாத்திரங்களால் இன்றும் நினைக்கப்படுபவர். அவருடைய ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ நாவலை வைத்து பாலு மகேந்திரா எடுத்த படம்தான் 1980இல் வந்த ‘மூடுபனி’. இளையராஜாவுக்கு அது நூறாவது படம்.

படத்தில் சந்துரு, ரேகாவைக் கடத்தி ஊட்டிக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கிறான். அவன் ஏன் இப்படி ஆனான் என்பது நமக்கு முழுக்கத் தெரியும்: தகப்பன் தாயைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். போதாததற்கு அவனுக்கு ஒரு கிட்டார் பாட்டும் உண்டு. யேசுதாஸின் அந்தப் பாட்டை நாற்பது வருடங்களுக்கு மேலாக மேடைதோறும் பாடுகிறோம். பாடுகிறவன் கடத்தியவன், எதிரே உட்கார்ந்து கேட்பவள் வெளியே போக முடியாதவள் என்பது நம் மனதில் உறைப்பதே இல்லை. ரேகாவின் பயத்தை, அவளாக நடித்த ஷோபாவின் கண்கள்தான் சொல்கின்றன. படம் வெளியானபோது ஷோபா உயிரோடு இல்லை.

இங்கேதான் ஜான் ஃபவுல்ஸ் 1963இல் எழுதிய ‘தி கலெக்டர்’ எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பட்டாம்பூச்சி சேகரிக்கும் கிளெக், மிராண்டா என்ற ஓவிய மாணவியை நிலவறையில் அடைக்கிறான். முதலில் அவன் கதை சொல்கிறான். பாதியில் நாவல் மிராண்டாவின் நாட்குறிப்புக்கு மாறுகிறது. நடந்ததெல்லாம் மறுபடி நடக்கிறது, இந்த முறை அவள் பக்கத்திலிருந்து. குடல்வால் வலி என்று துடித்து நடித்து, தப்பிக்கப் பார்த்து அகப்படுகிறாள். பிறகு நிஜமாகவே நிமோனியா வரும்போது, இதுவும் நடிப்புதான் என்று நினைக்கிறான் அவன். அவள் சாவதற்கு அந்த நம்பாமையும் ஒரு காரணம்.

நிஜத்தில் நாட்டாஷா கம்புஷ் பிழைத்து வந்தார். 1998 மார்ச்சில், பத்து வயதில், வியன்னாவில் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டவர். அடைக்கப்பட்டிருந்த வீடு ஸ்ட்ராஸ்ஹோஃப் என்ற புறநகரில். வெள்ளை வேன் என்ற துப்பை வைத்துப் போலீஸ் அந்த வீடு வரைக்கும் வந்தது; கட்டட இடிபாடு ஏற்றுகிற வண்டி என்றான் கடத்தியவன், போய்விட்டார்கள். எட்டு வருடம் கழித்து, 2006 ஆகஸ்டில், தோட்டத்தில் கார் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவனுக்குப் போன் வந்தது. வாக்குவம் கிளீனர் சத்தத்துக்காக அவன் சற்றுத் தள்ளிப் போக, இவர் ஓடினார். வெளியே வந்தவருக்கு ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்று வியாதிப் பெயர் சூட்டியபோது அதை மறுத்தார். அடைத்தவனோடு ஒத்துப்போனது உயிர் பிழைக்கத்தான் என்றால், அதற்கு எதற்கு வியாதிப் பெயர்? அவர் மறுத்தது முழுக்க நியாயம்.

தமிழில் அந்த இரண்டாம் பாதியை, அடைபட்டவளின் பக்கத்தை, யாராவது எழுத வேண்டும் என்பது என் தீராத ஆசை. அதற்கு ஊட்டி பங்களா வேண்டாம், மூடுபனியும் வேண்டாம். சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ உயரக் காம்பவுண்டு எழுப்பிய ஒரு வீடு போதும். மாடி அறையில் ஒருத்தி. தண்ணி லாரி வரும் நேரம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், பால்காரர் மணி என்று ஒவ்வொன்றாகக் கணக்கு வைத்து, எந்த நேரத்தில் கத்தினால் யார் காதில் விழும் என்று அவளே எழுதிக்கொண்டுபோகிற நாவல்.