டோல்கேட் மொட்டை மாடி சேனல்!

"டோல்கேட்ல தோட்டமா? கன்டெய்னர் லாரிதான் பூக்கும்!"னு சிரிக்கிறீங்களா பாஸ்? கொஞ்சம் மொட்டை மாடிக்கு வாங்க. ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும், வருஷம் முழுக்க ஷோதான்!

வெயில் ஏறினா குயில் கச்சேரி. 'குக்கூ'ன்னு கூவுறது ஆண். காக்கா கூட்டுல முட்டையிட்டு எஸ்கேப் ஆகுறது பெண்!

ஐப்பசி மழைக்கு முன்னாடி தட்டான் பட்டாளம். மழையில துளிர்த்த கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஏதாச்சும் ஒட்டியிருந்தா துடைச்சிடாதீங்க. அது வண்ணத்துப்பூச்சியோட குட்டிப் புழுவா இருக்கலாம். பறவைகளை ஏமாத்தத்தான் அந்த மேக்கப்!

குளிர்காலத்துல கடலோரம் வடக்கேயிருந்து வர்ற கடற்காகங்கள், எண்ணூர்ப் பக்கம் கூழைக்கடாக்கள். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்துல கலந்தப்போ, அந்தக் கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பு. இறகுல எண்ணெய் அப்பினா ஈரம் உள்ளே இறங்கும், உடம்புச் சூடு போயிடும், பறக்கவும் முடியாது.

தினமும் பார்க்கிறவங்களுக்குத்தான் ஒரு பறவை வராம போனது தெரியும். அதனால ஃப்ரெண்ட்ஸ், பழைய ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுத ஆரம்பிங்க: இன்னிக்கு மாடிக்கு யார் யார் வந்தாங்க?