மும்பை விமான நிலையம்: எந்த வாயில், எந்த வழி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்கள் சொந்த ஊரின் தூரத்தை ரயில் கணக்கிலேயே அளந்து பழகியவர்கள். மும்பையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஒரு நாள். நாகர்கோவிலுக்கு ஒன்றரை நாள். கோடை விடுமுறைக்கும் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் கணக்குப் போதும். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து, பெற்ற தாயின் மூச்சு அடங்கிவிட்டது என்று ஊரிலிருந்து தம்பி சொல்லும்போது அந்தக் கணக்கு உதவுவதில்லை. விமானம் ஏறியே பழகாத குடும்பத்திலும் அவ்வேளையில், "காலையில் முதல் விமானம் எத்தனை மணிக்கு?" என்ற கேள்வி பிறக்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருக்கிறது. எனினும் உரிய நேரத்தில் உரிய வாயிலில் போய் நிற்பதற்குச் சில செய்திகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இந்நகரின் விமானக் கதை ஜுஹூ கடற்கரையை அடுத்து 1928-இல் அமைந்த திடலில் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாக ஜுஹூவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். பம்பாயையும் சென்னையையும் வான்வழியாக ஒழுங்குபட இணைத்தவை, ஆக, முதலில் கடிதங்களே; மனிதர்கள் பின்னால் வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ விமானங்களுக்குப் பயன்பட்ட சாந்தாகுரூஸ் திடல், போருக்குப் பின் பிரயாணிகளுக்கு உரியதாயிற்று. 1948 ஜூனில் ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1980-களின் தொடக்கத்தில், ஓடுபாதைகளுக்கு மறுபுறத்தில் உள்ள ஸஹாரில், வெளிநாட்டு விமானங்களுக்கென்று தனிக் கட்டடம் எழுந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய குழப்பம் பிறந்தது. உள்நாட்டு விமானம் என்றால் சாந்தாகுரூஸ், வெளிநாட்டு விமானம் என்றால் ஸஹார் என்று ஒரு தலைமுறை முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டது. அது அன்றைக்குச் சரி. 2014 பிப்ரவரியில் ஸஹார்ப் பக்கத்தில் புதிய இரண்டாம் முனையம் செயற்படத் தொடங்கியபின், வெளிநாட்டு விமானங்கள் யாவும் அங்கிருந்தே புறப்படுவதோடு, உள்நாட்டு விமானங்களிலும் பெரும் பகுதி படிப்படியாக அங்கே மாறிவிட்டது. பழைய சாந்தாகுரூஸ்ப் பக்கத்து முதல் முனையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே உண்டு. எனவே சென்னைக்குச் செல்லும் பிரயாணி இவ்விரண்டில் எதிலும் ஏற நேரலாம். ஒரே கம்பெனியின் இரு விமானங்கள் இரு வேறு முனையங்களிலிருந்து கிளம்புவதும் உண்டு. டிக்கெட்டில் 'டி 1' அல்லது 'டி 2' என்று அச்சிட்டிருக்கும் ஓரெழுத்தும் ஓரெண்ணுமே இதற்குச் சாட்சி.

'டெர்மினல்' என்பதை 'முனையம்' என்று தமிழில் எழுதுவது நம்மைப் போன்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். குறை சொல்ல முடியாத சொல்தான். ஆனால் பெட்டியும் கையுமாகப் பதற்றத்துடன் நிற்கும் ஒருவரிடம் "எந்த முனையம்?" என்று கேட்டால் அவர் விழிக்கிறார்; "எந்த வாயில்?" என்றால் உடனே டிக்கெட்டைத் தேடுகிறார். ஆதலால் இனி வாயில் என்றே சொல்லுவோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2017-இல் ஒரு நாள் பின்னிரவு, ஆண்டாப் ஹில்லில் நாம் குடியிருக்கும் இடத்துக்குத் தாராவியிலிருந்து ஒரு நண்பர் வந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஊரில் அன்னையார் காலமாகிவிட்டார். சென்னைக்குக் காலை விமானம், அங்கிருந்து தூத்துக்குடிக்கு இன்னொன்று என்று யாரோ டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். "அண்ணாச்சி, நீங்கள் படித்தவர்கள், ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று காகிதத்தை நம் கையில் கொடுத்தார். நாளையும் நேரத்தையும் பெயரின் எழுத்துக்களையும் சரிபார்த்தோம். வாயிலைப் பார்க்கவில்லை. சென்னை விமானந்தானே, சாந்தாகுரூஸ் என்று டாக்சிக்காரரிடம் நாமே சொல்லி அனுப்பினோம். அவர் முதல் வாயிலில் இறங்கி, வரிசையில் நின்று, காவலர் திருப்பி அனுப்ப, மீண்டும் வண்டி தேடி, நான்கைந்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு இரண்டாம் வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி ஒப்படைக்கும் மேசை மூடப்பட்டிருந்தது. விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. அடுத்த விமானத்தில் சென்று, தூத்துக்குடி விமானத்தையும் தவறவிட்டு, அவர் ஊர் சேர்ந்தபோது கொள்ளி வைக்கும் கடமையைத் தம்பி செய்து முடித்திருந்தார். நண்பர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொண்டதில்லை. படிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நாம் படிக்காமல் விட்ட அந்த ஓர் எண் இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்று அதே பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள ஒரு வழி பிறந்திருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் செல்லும் மெட்ரோ மூன்றாம் பாதையே அது. 2024 அக்டோபரில் ஆரேக்கும் பாந்திரா–குர்லா வளாகத்துக்கும் இடையிலும், 2025 மே மாதத்தில் அங்கிருந்து ஒர்லி வரையிலும், 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரையிலும் என மூன்று தவணைகளில் திறக்கப்பட்டது. இரண்டு விமான வாயில்களுக்கும் தனித்தனி நிலையங்கள் இதில் உண்டு. நடுவே ஸஹார் ரோடு என்ற ஒரே நிலையம். முதல் வாயிலில் தவறி இறங்கியவர் இரண்டாவது நிறுத்தத்திலேயே மறு வாயிலை அடைந்துவிடலாம்.

தாராவிக்கும் இதில் ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிப் பக்கத்துத் தோல் வியாபாரிகளும் தொழிலாளர்களும் வந்து குடியேறிய இடம் தாராவி. சுரங்க ரயில் அங்கிருந்து மித்தி ஆற்றுக்கு அடியில் புகுந்து அக்கரை ஏறுகிறது. தாராவியில் ஏறினால் நான்காவது நிறுத்தம் முதல் வாயில். ஆறாவது நிறுத்தம் இரண்டாம் வாயில். சிக்னலும் நெரிசலும் குறுக்கிடாத பிரயாணம். கட்டணமோ டாக்சிக் கூலியில் ஒரு சிறு பங்கு. நிலையம் பேட்டையின் ஓரத்தில் அமைந்திருப்பதால், 90 அடிச் சாலையின் உட்சந்துகளில் வசிப்போர் பெட்டியோடு சற்று நடக்க வேண்டியிருக்கும். ஒரு பெருங்குறையும் உண்டு. மெட்ரோ காலை ஆறு மணி அளவில் தொடங்கி இரவு பத்தரை அளவில் நின்றுவிடுகிறது. கட்டணம் குறைந்த விமானங்களோ பெரும்பாலும் விடியலுக்கு முன்னே கிளம்புகின்றன. அவற்றைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு டாக்சியே கதி. அந்நேரத்தில் சாலை காலியாக இருப்பது ஓர் ஆறுதல்.

மாட்டுங்காவாசிகள் தாதர் அல்லது சீதளாதேவி நிலையத்தில் இதே மெட்ரோவில் ஏறலாம். ஆனால் மாட்டுங்கா கிழக்கில் கோயிலும் பஜனை மடமும் காப்பிக் கடையுமாக அமைந்த தெருக்களில் வாழ்வோருக்கு மிக அருகில் இருப்பது கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையம். அங்கிருந்து அந்தேரி, கோரேகாவ் செல்லும் ஹார்பர் பாதை ரயில்கள் வண்டி மாறாமலே விலே பார்லேயில் கொண்டு சேர்க்கும். பார்லேயின் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தால் முதல் வாயில் மிக அருகில். இரண்டாம் வாயிலுக்குச் செல்பவர்கள் அந்தேரியில் இறங்கி, மெட்ரோ முதல் பாதையில் மரோல் நாக்கா வரை சென்று, அங்கே மூன்றாம் பாதைக்கு மாறி ஒரு நிறுத்தம் போனால் போதும். மாட்டுங்காவிலிருந்தே ஆட்டோவில் செல்லலாம் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பதுண்டு. சயானுக்கும் மாஹிமுக்கும் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. டாக்சிதான் அமர்த்த வேண்டும்.

செம்பூர்க்காரர்களுக்கு நிலைமை வேறு. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகள் குடியமர்ந்த அந்தப் புறநகரில் மாட்டுங்காவிலிருந்து இடம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. வெகுகாலம் அவர்கள் குர்லாவின் நெரிசலைக் கடந்தே மேற்குப் பக்கம் போக வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை திறக்கப்பட்டபின், மேற்கு விரைவு நெடுஞ்சாலையை நேரே எட்டிவிட முடிகிறது. ஆட்டோவும் தடையின்றிக் கிடைக்கும். மாலை நேரத்தில் அந்தச் சாலையும் நிரம்பிவிடும் என்பதை மறக்கக்கூடாது. ரயிலை நம்புவோர் வடாலா ரோடில் வண்டி மாறலாம். அல்லது காட்கோபருக்குச் சென்று மெட்ரோ முதல் பாதையில் மரோல் நாக்கா போகலாம். பெட்டி கனமில்லை என்றால் பின்னதே மேல்.

மழைக்காலத்துக்கு மட்டும் தனிக் கணக்கு வேண்டும். கிங்ஸ் சர்க்கிளை அடுத்த காந்தி மார்க்கெட், சயான், அந்தேரிச் சுரங்கப்பாலம் ஆகியவை கனமழையில் நீர் தேங்குவதற்குப் பெயர் பெற்றவை. 2005 ஜூலை 26 வெள்ளத்தின்போது விமான நிலையமே ஒரு நாளுக்கு மேல் மூடிக் கிடந்தது. தாராவியைத் தொட்டு ஓடும் மித்தி ஆறு, வழியில் ஓடுபாதையின் பொருட்டுத் தன் போக்கை வளைத்துக்கொள்ள நேர்ந்த ஆறு என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஓடுபாதைகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். இந்த நெருக்கடியிலும் 2023 நவம்பரில் ஒரே நாளில் 1,032 விமானங்கள் ஏறியும் இறங்கியும் சென்றன. இவ்வளவு நெருக்கமான அட்டவணையில் மழையோ பனிமூட்டமோ ஒன்றைத் தாமதப்படுத்தினால் பின்வருபவை எல்லாம் தாமதமாகும்.

வாயிலுக்குள் நுழைய டிக்கெட்டும் புகைப்படம் உள்ள அடையாள அட்டையும் தேவை. வழியனுப்ப வருவோர் வாசலோடு நிற்க வேண்டியதுதான். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி ஒப்படைக்கும் மேசை மூடப்படும். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவது நலம். நடக்க இயலாத முதியோர்க்குச் சக்கர நாற்காலி கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கம்பெனியிடம் கேட்டு வைக்க வேண்டும். தனியே பிரயாணம் செய்யும் தாய்மார்களுக்கு, நடக்க முடிந்தாலும், இதைக் கேட்டுவிடுங்கள் என்றே நாம் சொல்லுவோம். பெயர்ப் பலகைகள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இருப்பதால், தமிழ் மட்டும் அறிந்தவர்க்குத் துணை வரும் ஊழியரே வழிகாட்டி. ரயில் நிலையத்தைப் போல ஒலிபெருக்கி அழைக்கும் என்று காத்திருப்பதும் கூடாது. திரையில் எண்ணைப் பார்த்துச் செல்ல வேண்டும்.

நம்மவர் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து மிகுதி. எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்குத் தடை உண்டு. முழுத் தேங்காயையும் கைப்பையில் வழக்கமாக அனுமதிப்பதில்லை. 2024-இல் சபரிமலை யாத்திரிகர்களின் இருமுடிக்காகக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கிற்கு விதி இதற்கு நேர்மாறு. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

இரண்டாம் வாயிலில் நேரம் மிஞ்சினால், சுவர்கள் நெடுகிலும் அமைந்த 'ஜய ஹே' என்னும் கலைக்கூடத்தைக் காணத் தவறாதீர்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சேர்த்த ஆயிரக்கணக்கான சிற்பங்களும் மரவேலைகளும் அங்கே உள்ளன. மேற்கூரையைத் தாங்கும் தூண்கள் மயில் தோகையை நினைவூட்டும் வண்ணம் விரிந்திருக்கின்றன. செம்பூர் சேடா நகரில் படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது நல்ல சகுனமாகத் தோன்றக்கூடும்!

இப்போது மூன்றாவது வாயிலும் திறந்துவிட்டது. கடற்கழிக்கு அப்பால், பன்வேல் பக்கத்தில் அமைந்த நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8-இல் திறந்து வைக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் விமானங்களை ஏற்று வருகிறது. செம்பூரிலிருந்து சயான்–பன்வேல் நெடுஞ்சாலை வழியாக அங்கே செல்லலாம். மாட்டுங்கா, தாராவிப் பகுதியினர் சிவ்டியில் தொடங்கி நவா ஷேவா பக்கம் இறங்கும் அடல் சேதுப் பாலத்தையும் பயன்படுத்தலாம், அது 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது, நீளம் 21.8 கிலோமீட்டர். எவ்வழியாயினும் பழைய நிலையத்துக்குச் செல்வதைப் போல் இரு மடங்குக்கு மேலான தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தவறினால் இரண்டு நிறுத்தத்தில் திருத்திக்கொள்ள இயலாது. டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். 'பி.ஓ.எம்.' என்றிருந்தால் பழைய நிலையம். 1995-இல் நகரின் பெயர் மாறியும் அந்தக் குறியீட்டில் பம்பாய் இன்னும் வாழ்கிறது. 'என்.எம்.ஐ.' என்றிருந்தால் நவி மும்பை. முதலில் அந்த மூன்றெழுத்து. பழைய நிலையம் என்றால் அதன்பின் வாயில் எண். நேரத்தைப் பார்ப்பது அதற்கும் பின்னர்.