நழுவும் தலையணை

மலையேறச் சென்றிருந்தபோது ஓரிரவு கூடாரத்தில் என் காற்றுத்தலையணை நான்கு முறை நழுவி என் உறக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் செங்குத்தான பாறைவழியில் கால் இடறி விழ இருந்தேன். சிறு தொல்லையென எண்ணியது பிழையென அப்போதுதான் உணர்ந்தேன்.

தலையணை நழுவுவது ஏன்? அதுவும் அதன் கீழுள்ள காற்றுமெத்தையும் பெரும்பாலும் வழவழப்பான நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியால் ஆனவை. ஆதலின் அவற்றிடையே உராய்வு குறைவு. அழுத்தும் பளு இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்பது, 1699-இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் எடுத்துரைத்த விதி. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது அழுத்தும்வரை தலையணை ஓரளவு நிலைத்திருக்கும். புரண்டு படுக்கத் தலையைத் தூக்கினோமோ, பளு நீங்குகிறது, பிடிப்பும் நீங்குகிறது. தோள் சற்றே பட்டாலும் தலையணை ஓடிவிடுகிறது.

ஆகவே, பளுவில்லாத கணத்திலும் பிடித்துவைக்கும் கட்டு ஒன்று வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்றை மெத்தையின் தலைப்புறத்தில் உறைபோல மாட்டிப் பொத்தானிடுங்கள். தலையணையை அதனுள் செருகுங்கள். பருத்தித் துணியாயின் வழுக்கலும் குறையும். காற்றை முழுவதும் நிரப்பாதீர்கள். சற்றுத் தளர்ந்திருந்தால் தலை நன்கு பதியும். நிலம் சரிவாயின் தலையை மேட்டுப்புறம் வையுங்கள். தலையணை கீழ்நோக்கி நகர்ந்தாலும் தோள் தடுத்துவிடும்.

அடுத்த பயணத்தில் இவ்வாறே செய்தேன். விடியும்வரை தலையணை இடம்பெயரவில்லை. மறுநாள் பாறைவழியில் என் கால்களும் தடுமாறவில்லை.