கொழும்புக்குத் துரித பஸ் சேவை பொருந்துமா?

கொழும்பு நகரின் வாகன நெரிசலுக்கு என்ன தீர்வு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மேம்பாலம் கட்ட வேண்டும் என்பார் ஒருவர். வீதியை அகலப்படுத்த வேண்டும் என்பார் மற்றவர். இலகு ரயில் வேண்டும் என்போரும் உண்டு. இவற்றோடு அடிக்கடி அடிபடும் இன்னொரு பெயர் துரித பஸ் சேவை. பி.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது நமது நகருக்குச் சரிவருமா என்பதை ஒரு வியாபாரியின் கண்கொண்டு இவ்வாரம் பார்ப்போம்.

நான் புறக்கோட்டையில் வியாபாரம் செய்பவன். எங்கள் கடைக்குச் சரக்கு லொறியில் வருகிறது. வேலை செய்யும் பையன்கள் பஸ்ஸில் வருகிறார்கள். சாமான் வாங்க வருபவர்களிலும் பெரும்பாலானோர் பஸ்ஸில்தான் வருகிறார்கள். கடுவலையிலிருந்தோ வத்தளையிலிருந்தோ வரும் ஒருவர் காலையில் வீதியில் இழக்கும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் பில் எழுதுவதில்லை. ஆனால் அந்தச் செலவைத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்தே சுமக்கிறோம். ஆகவே இது பொறியியலாளர்கள் மட்டும் பேசி முடிக்கும் விடயமல்ல.

துரித பஸ் சேவை என்றால் என்ன?

வீதியில் மஞ்சள் கோடு போட்டு 'பஸ்' என்று எழுதிவிட்டால் அது துரித பஸ் சேவை ஆகிவிடாது. அதற்கு ஐந்து அம்சங்கள் தேவை. முதலாவது, ஏனைய வாகனங்கள் நுழைய முடியாதபடி பிரிக்கப்பட்ட பாதை. இது பெரும்பாலும் வீதியின் நடுவில் அமையும். இரண்டாவது, பஸ்ஸின் தளமும் தரிப்பிடத்தின் தளமும் ஒரே உயரத்தில் இருப்பது. முதியவரும் குழந்தையோடு வரும் தாயும் படியேறாமல் உள்ளே போகலாம். மூன்றாவது, ஏறுவதற்கு முன்பே தரிப்பிடத்தில் கட்டணம் செலுத்துவது. நான்காவது, சந்திகளில் பஸ்ஸுக்கு முன்னுரிமை. ஐந்தாவது, இவை அனைத்தையும் நடத்தும் ஒரே நிர்வாகம்.

பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரம் 1974இல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை அமைத்து இதற்கு வழிகாட்டியது. சுரங்க ரயில் போட அந்த நகரிடம் பணம் இருக்கவில்லை. எனவே ரயிலின் ஒழுங்கை பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதன் கணக்கு எளிமையானது. சந்திகளும் சமிக்ஞை விளக்குகளும் உள்ள நகர வீதியில் ஒரு பாதையால் மணிக்கு ஏறத்தாழ 800 கார்கள் போகும் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 1,200 பேர். அதே பாதையில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 3,000 பேர். இதில் ஒரு சங்கடமும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும் பாதை, பக்கத்தில் நெரிசலில் நிற்கும் கார்க்காரரின் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும். இரண்டரை மடங்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பாதையை அவர் வீணாய்க் கிடக்கும் பாதை என்றே நினைப்பார்.

டில்லியில் நடந்தது இதுதான். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றருக்கு 2008இல் பஸ் பாதை திறக்கப்பட்டது. பஸ்கள் வேகமாகப் போயின. கார்கள் சந்திகளில் நீண்ட நேரம் நின்றன. அதை அகற்றக் கோரி வழக்குப் போட்டார்கள். 2012இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்து பஸ் பாதைக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் பாதையை உடைத்து அகற்றினார்கள். ஒரு துண்டு வீதியில் மட்டும் செய்து, பஸ் சேவையை நடத்தும் முறையைத் திருத்தாமல் விட்டால் இப்படித்தான் முடியும்.

நமது பஸ் தொழிலின் கணக்கு

நமது நாட்டில் 1958இல் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. அன்று முதல் ஒருவருக்கு ஒரு பஸ், இரண்டு பஸ் என்ற அளவில் இத்தொழில் வளர்ந்தது. லீசிங் கட்டணம், டீசல், டயர், அனுமதிப்பத்திரம் எல்லாம் உரிமையாளரின் தலையில். சாரதிக்கும் நடத்துனருக்கும் வருமானம் அன்றைய வசூலைப் பொறுத்தது.

இதன் விளைவை நாம் தினமும் பார்க்கிறோம். ஆட்கள் நிறையும் வரை பஸ் தரிப்பிடத்தில் நின்று ஊர்ந்து நகரும். பின்னால் அதே இலக்க பஸ் வந்துவிட்டால் உடனே பறக்கும். சாரதியைத் திட்டுகிறோம். ஆனால் கூலி அப்படிக் கொடுக்கப்படும்போது வேறு எப்படி ஓட்டுவார்? விற்பனைக்கு மட்டும் கமிஷன் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரின் கையைப் பிடித்து இழுக்காதே என்று கடைப் பையனுக்குச் சொன்னால் அவன் கேட்பானா?

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். இதே பஸ்களை, இதே வசூல் முறையோடு, வேலி போட்ட தனிப்பாதையில் விடுகிறோம். முன்னால் போகும் பஸ் ஆள் சேர்க்க ஐந்து நிமிடம் நிற்கிறது. பின்னால் உள்ளவை முந்திச் செல்ல இடமில்லை. பத்து பஸ்கள் வரிசையில் நிற்கும். துரித பஸ் சேவை என்ற பெயரில் இன்றைய நெரிசலைவிட மோசமான ஒன்றை உருவாக்கியிருப்போம். கொழும்பில் இந்த விவாதம் எழும்போதெல்லாம் வீதியின் அகலம் பற்றியே பேசுகிறார்கள். பணம் ஓடும் வழி பற்றிப் பேசுவோர் குறைவு.

2017இல் ராஜகிரியப் பகுதியில் பஸ் முன்னுரிமைப் பாதை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் கொழும்பின் பிரதான வீதிகள் சிலவற்றில் வீதி ஒழுங்கைச் சட்டம் கடுமையாக அமுலுக்கு வந்தது. இரண்டு தடவையும் மாற்றியது கோட்டை மட்டும்தான். வசூல் முறையில் யாரும் கை வைக்கவில்லை.

பிற நகரங்கள் என்ன செய்தன?

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் முன்பு நம்மைப் போலவே பஸ்கள் ஆள் பிடிக்க ஓட்டப்பந்தயம் ஓடின. அந்த ஊர்க்காரர்கள் அதற்குச் 'சதப் போர்' என்று பெயரே வைத்திருந்தார்கள். 2000 டிசம்பரில் ட்ரான்ஸ்மிலேனியோ சேவையை ஆரம்பித்தபோது பஸ் கம்பனிகளுக்கு ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். கட்டணம் வசூலிக்கும் பொறுப்பு வேறு நிறுவனத்துக்கு. வசூலான பணம் ஒரு நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்து அங்கிருந்து பங்கிடப்படும். தரிப்பிடங்களில் பஸ்கள் முந்திச் செல்ல மேலதிகப் பாதையும் உண்டு. அதனால் நெரிசல் மிகுந்த பகுதியில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் பயணிக்க முடிந்தது. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. நகரம் வளர்ந்த வேகத்துக்குப் பாதைகள் வளராததால் பஸ்கள் நிரம்பி வழிந்து, 2012இல் பயணிகள் வீதிக்கு இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஜகார்த்தா. 2004 ஜனவரியில் ட்ரான்ஸ் ஜகார்த்தா ஓடத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பஸ் பாதைக்குள் நுழைந்து பெரும் தொல்லை கொடுத்தன. நாளடைவில் பாதைகளை விரித்தார்கள். 2018 முதல் ஊருக்குள் ஓடும் சிறு வான்களையும் இந்தச் சேவையோடு இணைத்து, ஓடும் கிலோமீற்றருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிறு உரிமையாளர் தொழிலை இழக்கவில்லை. ஆள் பிடிக்க ஓட வேண்டிய தேவையைத்தான் இழந்தார்.

எந்த வீதி பொருந்தும்?

எல்லா வீதிக்கும் இது ஒத்துவராது. வெள்ளவத்தையில் காலி வீதியின் நடுவே இரு பக்கத்துக்கும் பஸ் பாதை ஒதுக்கினால் மீதி வீதி மூச்சுத் திணறும். அங்கே பக்கத்திலேயே கடலோர ரயில் பாதை இருக்கிறது. ஹைலெவல் வீதிப் பக்கம் களனிவெளி ரயில் பாதை, நீர்கொழும்பு வீதிப் பக்கம் புத்தளம் ரயில் பாதை. இவற்றில் ரயிலைச் சீராக்குவதே முதல் வேலை.

மாலபே, பத்தரமுல்லை, ராஜகிரிய வழிதான் ரயிலே இல்லாத வழி. அதனால்தான் ஜப்பானிய உதவியுடன் மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் இலகு ரயில் திட்டமிடப்பட்டது. 2019இல் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020இல் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. 177ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவருக்கு இன்னொரு பெரிய கடனுக்காகக் காத்திருக்க நேரமில்லை. பத்தரமுல்லைக்கும் ராஜகிரியவுக்கும் இடையே வீதி அகலமானது. துரித பஸ் சேவையைத் தொடங்கிப் பார்க்க அதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை. பொரளையைக் கடந்த பின் வீதி ஒடுங்குகிறது. அங்கே தனிப்பாதைக்குப் பதிலாகச் சந்திகளில் முன்னுரிமை கொடுப்பதே நடக்கக்கூடியது.

கடைக்காரர்களுக்கு இதில் நியாயமான அச்சம் உண்டு. கடை முன்னால் வாகனம் நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும், லொறியில் சரக்கு இறக்க முடியாது என்கிறார்கள். சரக்கு இறக்குவதற்கு இரவிலும் அதிகாலையிலும் நேரம் ஒதுக்க வேண்டும். நாட்டாமிமாரின் கூலியையும் அதற்கேற்பப் பேச வேண்டும். இதைத் திட்டம் வரையும்போதே எழுத வேண்டும். வாகனம் நிறுத்துவதைப் பொறுத்தவரை, கடை வாசலில் ஒரு கார் பிடிக்கும் இடத்தைத் தரிப்பிடமாக்கினால் அங்கு பஸ் நிமிடத்துக்கு எத்தனை பேரை இறக்கும் என்பதையும் வியாபாரிகள் கணக்குப் பார்க்கட்டும்.

பஸ் உரிமையாளரின் அச்சம் இதைவிடப் பெரியது. அவரும் நம்மைப் போல் கடன்பட்டு முதல் போட்டவர். கிலோமீற்றருக்குப் பணம் என்றால், அந்தப் பணம் நேரத்துக்கு வருமா என்று கேட்பார். அரச நிறுவனங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்த எந்த வியாபாரிக்கும் இந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கும். பொகோட்டாவைப் போல் பயணக் கட்டணம் முழுவதும் ஒரு தனி நிதியத்துக்குப் போக வேண்டும். அதிலிருந்து முதலில் ஓடிய பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து முடிக்க வேண்டும். குறைவு வந்தால் திறைசேரி எவ்வளவு, எந்தத் திகதியில் தரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது தூண்கள் மீது ரயில் ஓட்டும் செலவில் சிறு பங்குதான்.

எனவே என் அபிப்பிராயம் இதுதான். துரித பஸ் சேவை கொழும்புக்குப் பொருந்தும். ஆனால் எல்லா வீதியிலும் அல்ல, இன்றைய வசூல் முறையோடும் அல்ல. முதலில் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். பின்னர் பாதையைப் பிரிக்க வேண்டும். அடுத்த முறை யாராவது அழகான படங்களோடு ஒரு பஸ் திட்டத்தைக் கொண்டுவந்தால் வாசகர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பஸ்ஸின் சாரதிக்கு மாலையில் எதற்காகக் கூலி கொடுப்பீர்கள், ஏற்றிய தலைகளுக்கா, நேரத்துக்கு ஓடிய ஓட்டத்துக்கா? பதில் தலைகளுக்கு என்றால், கோடு போடும் பெயின்ட் காசாவது மிஞ்சட்டும்.